இன்சுலின் ஒட்டு எக்கி

இன்சுலின் ஒட்டு எக்கி என்பது நீரிழிவு நோயாளரின் தோலின் மேல் ஒட்டப்பட்டு, இரவும் பகலும் சிறு சிறு அளவுகளில் இன்சுலினைத் தோலடிக் கொழுப்புத் திசுவில் செலுத்தும் மருத்துவக் கருவி ஆகும். ஆங்கில வழக்கை ஒட்டி இதனைப் "பேட்ச் பம்ப்" என்றும் கூறுவர். இடுப்பில் செருகிக்கொள்ளும் வழக்கமான இன்சுலின் எக்கியில் கருவிக்கும் உடலுக்கும் இடையே மெல்லிய நீண்ட குழாய் ஒன்று இருக்கும். ஒட்டு எக்கியில் அக்குழாய் இல்லை. மருந்துத் தேக்கம், இயக்கி, மின்கலம், நுண்குழல் ஆகிய அனைத்தும் தீப்பெட்டி அளவிலான ஒரு கூட்டினுள் அடங்கியுள்ளன.

இக்கருவியை அணிந்தபடியே குளிக்கலாம், ஓடலாம், நீந்தலாம் என்று உற்பத்தியாளர்கள் கூறுவது பொதுவாக உண்மையே. ஆனால் கருவி நீரில் நனையாமல் இருப்பது ஒன்று. அதனை அணிந்தவர் நீரில் பாதுகாப்பாக இருப்பது வேறொன்று. தோலடியில் சென்றுவிட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க இயலாது. எக்கியை நிறுத்திய பின்னரும் முன்பு சென்ற இன்சுலின் சில மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே உடலுழைப்புக்கான முடிவுகள் உழைப்பு தொடங்குவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே எடுக்கப்பட வேண்டும். இக்கருவியைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் இதுவே முதன்மையானது எனலாம்.

வெப்பம், வியர்வை, உப்புநீர், ஆழம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடம் என்பதால், தூத்துக்குடித் துறைமுகமும் அதனை அடுத்த மன்னார் வளைகுடா முத்துக்குளித்துறைக் கடற்கரையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன. இங்குக் கூறப்படும் அளவுகள் பொது விளக்கத்துக்கு உரியவை. ஒருவருக்குரிய அளவை அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி

முதலாம் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்பு முறைமை, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை அழித்துவிடுகிறது. இத்தகையோர் வாழ்நாள் முழுவதும் வெளியிலிருந்து இன்சுலினைப் பெற்றாக வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரிலும் ஒரு பகுதியினருக்கு இன்சுலின் தேவைப்படுகிறது. ஆயினும் எக்கிகள் பெரும்பாலும் முதலாம் வகையினராலேயே பயன்படுத்தப்படுகின்றன.

நலமான கணையம் இன்சுலினை இரு விதமாகச் சுரக்கிறது. உணவு இல்லாத வேளையிலும் தொடர்ந்து கசியும் சிறு அளவு ஒன்று; உணவு உண்டதும் விரைந்து எழும் பெரிய அளவு மற்றொன்று. முதலாவதை அடிப்படை அளவு எனவும், இரண்டாவதை உணவு அளவு எனவும் கூறலாம். ஊசி முறையில் அடிப்படை அளவுக்கு நெடுநேரம் நீடிக்கும் ஒரு வகை இன்சுலினும், உணவு அளவுக்கு விரைந்து செயற்படும் மற்றொரு வகையும் இடப்படுகின்றன. எக்கியிலோ இரண்டு தேவைக்கும் விரைந்து செயற்படும் வகை மட்டுமே நிரப்பப்படுகிறது. லிசுப்ரோ, அசுபார்ட்டு ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை 10 முதல் 20 நிமிடங்களில் செயற்படத் தொடங்கி, ஏறத்தாழ 1 முதல் 3 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, 3 முதல் 5 மணி நேரத்தில் அடங்குகின்றன.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. ஊசி இட்டுக்கொள்பவரின் உடலில் நெடுநேர இன்சுலின் ஒரு சேமிப்பைப் போல் எப்போதும் இருக்கும். எக்கி அணிந்தவரிடம் அச்சேமிப்பு இல்லை. நுண்குழல் மடிந்தாலோ ஒட்டு பெயர்ந்தாலோ சில மணி நேரத்தில் உடல் இன்சுலின் அற்ற நிலையை நெருங்கிவிடும். அப்போது உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. குருதி அமிலத்தன்மை அடைந்து, வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து விரைந்த மூச்சு ஆகியவை தோன்றும். கீட்டோ அமிலத்தேக்கம் எனப்படும் இந்நிலை மருத்துவம் கிட்டாவிடின் உயிரைப் போக்கக்கூடியது.

வரலாறு

இன்சுலின் 1921ஆம் ஆண்டு கனடாவின் தொராண்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 சனவரியில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் லாசு ஏஞ்சலசைச் சேர்ந்த மருத்துவர் ஆர்னால்டு கதீசு, முதுகில் சுமக்கும் பை அளவிலான ஓர் இன்சுலின் எக்கியை உருவாக்கினார். இது நடைமுறைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1978இல் இலண்டன் கய்சு மருத்துவமனையைச் சேர்ந்த சான் பிக்கப், ஆரி கீன் முதலானோர், தோலடியில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். இன்றைய எக்கிகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

ஆயினும் எக்கிகள் பரவலாவதற்கு 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு முடிவு பெருங்காரணமாயிற்று. முதலாம் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்ட அவ்வாய்வு, குருதிச் சர்க்கரையை இயல்பு நிலைக்கு அருகில் வைத்திருந்தவர்களுக்குக் கண் விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. அதே ஆய்வு, அவ்வாறு இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோருக்குக் கடும் சர்க்கரைத் தாழ்வு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்தது என்பதையும் காட்டியது. எக்கியின் வளர்ச்சி முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

குழாயற்ற ஒட்டு எக்கிகளுள் முதலில் பரவலானது அமெரிக்காவின் இன்சுலெட் நிறுவனத்தின் ஓம்னிபாட் ஆகும். இது 2005இல் அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. 2010இல் ஒப்புதல் பெற்ற வி-கோ என்னும் கருவி இரண்டாம் வகையினரை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டது. மின்கலமே இல்லாமல் சுருள்வில்லின் விசையால் ஒரு நாள் முழுவதும் இயங்கியமை இதன் சிறப்பு. தொடர் குளுக்கோசு அளவியின் தரவைக் கொண்டு அடிப்படை அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓம்னிபாட் 5, 2022 சனவரியில் ஒப்புதல் பெற்றது.

இந்தியாவில் எக்கி அணிவோரே குறைவு; அவர்களுள்ளும் பெரும்பாலோர் அணிவது குழாய் உள்ள வகை. மூன்று நாளுக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 120க்கும் மேற்பட்ட கூடுகளைத் தொடர்ந்து வாங்க வேண்டியிருப்பதே ஒட்டு எக்கியின் பெருந்தடையாகும்.

அமைப்பும் இயக்கமும்

ஓம்னிபாட் கூடு ஏறத்தாழ 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் ஒன்றரை செ.மீ. உயரமும் கொண்டது. மருந்து இல்லாத நிலையில் எடை 26 கிராம். உள்ளிருக்கும் தேக்கம் 200 அலகு, அதாவது 2 மில்லிலிட்டர் இன்சுலினைக் கொள்ளும். பயனர் ஊசிக்குழல் மூலம் தேக்கத்தை நிரப்பிக் கூட்டைத் தோலில் ஒட்டிய பின், கட்டுப்படுத்தியில் கட்டளை இடுவார். உடனே உள்ளிருக்கும் வில் விடுபட்டு ஊசி ஒன்றைத் தோலினுள் செலுத்தும். ஊசி அக்கணமே பின்வாங்க, வளையக்கூடிய நெகிழிக் குழல் மட்டும் ஆறு, ஏழு மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கிவிடும்.

இயக்கியின் வடிவமைப்பு பொறியியல் மாணவருக்குச் சுவையானது. இதில் வழக்கமான மின்னோடி இல்லை. நிக்கலும் தைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் வடிவ நினைவு உலோகக் கம்பி ஒன்று உள்ளது. மின்னோட்டத்தால் சூடாகும்போது அது சுருங்கிப் பற்சக்கரம் ஒன்றை ஒரு பல் அளவு தள்ளும். சக்கரம் திருகாணியைத் திருப்ப, திருகாணி தேக்கத்தின் உந்துதண்டை நகர்த்தும். இவ்வாறு ஒரு துடிப்பில் வெளிவருவது 0.05 அலகு, அதாவது அரை மைக்ரோலிட்டர். ஒரு நீர்த்துளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. மணிக்கு 0.8 அலகு அடிப்படை அளவு தேவைப்படுபவருக்கு மணிக்கு 16 துடிப்புகள், அதாவது மூன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு.

இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் அடைப்பு ஏற்பட்டால் அதைக் கருவி உடனே உணர்வதில்லை. அழுத்தம் போதிய அளவு கூடிய பின்னரே எச்சரிக்கை ஒலி எழும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். குழல் தோலிலிருந்து வெளியே வந்து இன்சுலின் ஒட்டின் அடியில் கசிந்தால் எந்த எச்சரிக்கையும் எழாது, ஏனெனில் ஓட்டத்துக்குத் தடையே இல்லை. இன்சுலினில் பதப்பொருளாகச் சேர்க்கப்படும் கிரெசாலின் மருந்து நெடியைக் கொண்டே பலர் கசிவைக் கண்டறிகின்றனர். நாற்பது ஆண்டு மின்னணு வளர்ச்சிக்குப் பின்னும் மூக்குக்கு ஒரு வேலை எஞ்சியிருக்கிறது.

கூடு 72 மணி நேரப் பயன்பாட்டுக்கு உரியது. மேலும் 8 மணி நேரம் சலுகைக் காலம் உண்டு. அதன்பின் இன்சுலின் செலுத்துவதை நிறுத்திவிடும்.

நிரப்பும் இன்சுலினின் செறிவில் இந்தியப் பயனர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். எக்கிகள் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு என்னும் செறிவுக்கு அளவிடப்பட்டவை. இந்தியாவில் குப்பிகளில் கிடைக்கும் மனித இன்சுலினில் பெரும்பகுதி ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. பின்னதை எக்கியில் நிரப்பினால் திரையில் 10 அலகு எனக் காட்டும்போது உடலுக்குச் செல்வது 4 அலகு மட்டுமே. அவ்வகை மெதுவாகச் செயற்படுவதும் மற்றொரு குறை.

அன்றாட அணிதல்

வயிறு, மேற்கையின் பின்புறம், தொடை, கீழ்முதுகு, பிட்டத்தின் மேற்பகுதி ஆகிய கொழுப்புத் திசு உள்ள இடங்களில் கூடு ஒட்டப்படுகிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஒட்டினால் அங்குக் கொழுப்புக் கட்டியாகத் திரண்டு இன்சுலின் சீராக உறிஞ்சப்படாமல் போகும். எனவே ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து குறைந்தது 2.5 செ.மீ. தள்ளி ஒட்ட வேண்டும். வேட்டி, கைலியின் முடிச்சும் பாவாடை நாடாவும் இறுக்கும் இடுப்புக் கோட்டைத் தவிர்ப்பது நல்லது. தோளில் மூட்டை சுமப்பவருக்கு மேற்கை ஏற்றதன்று.

ஒட்டுவதற்கு முன் தோல் எண்ணெய்ப் பசை இன்றி உலர்ந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ள நம் நாட்டில் இது சிறிய செய்தி அன்று. எண்ணெய்க் குளியல் நாளையே கூடு மாற்றும் நாளாக வைத்துக்கொள்வது எளிய தீர்வாகும். பழைய கூட்டைக் கழற்றி, எண்ணெய் போகக் குளித்து, நன்கு துவட்டிய பின் தாமதமின்றிப் புதியதை ஒட்டிக்கொள்ளலாம். மாற்றுவதைப் படுக்கைக்குச் செல்லும் முன் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. புதிய குழல் சரியாக அமைந்ததா என்பது ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்தால்தான் தெரியும். அப்போது அணிந்தவர் விழித்திருக்க வேண்டும்.

ஊடுகதிர்ப் படம், காந்த ஒத்ததிர்வுப் படம் ஆகியவற்றை எடுக்கும் முன் கூட்டைக் கழற்றிவிட வேண்டும். குழாய் உள்ள எக்கியைக் கழற்றி மீண்டும் மாட்டலாம். ஒட்டு எக்கியில் பெரும்பாலானவற்றை அவ்வாறு செய்ய இயலாது. கழற்றினால் எறிய வேண்டியதுதான். மின்கலமும் ஊசியும் உள்ளே இருப்பதால் வீட்டுக் குப்பையில் போடுவதும் தகாது.

வெப்பமும் வியர்வையும்

எக்கியில் உள்ள விரைவு இன்சுலின் 37 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கு உட்பட்டால் அதனை எறிந்துவிட வேண்டும் என மருந்துக் குறிப்புகள் கூறுகின்றன. தூத்துக்குடியில் கோடைக் காற்றின் வெப்பமே அந்த எல்லையைத் தொடும் நாட்கள் உண்டு. நேர் வெயிலில் நிற்கும் உப்பளத் தொழிலாளியின் கையில் ஒட்டிய கூடு காற்றைவிடச் சூடாகும். ஆகையால் வெயிலில் வேலை செய்வோர் துணிக்கு உள்ளே, வெயில் படாத பக்கத்தில் ஒட்டிக்கொள்வது பயன்தரும். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், மூன்று நாள் ஆகாவிடினும் கூட்டை மாற்றுவதே முறை.

வெப்பத்துக்கு எதிரான ஒரு விளைவும் உண்டு. சூட்டில் தோலின் குருதி நாளங்கள் விரிவடைவதால் தோலடியில் உள்ள நல்ல இன்சுலின் வழக்கத்தைவிட விரைந்து உறிஞ்சப்படும். எனவே வெயிலில் சர்க்கரை தாழவும் கூடும். எது நிகழும் என்பதை ஊகிக்க இயலாது, அளந்தே அறிய வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானையில் இன்சுலினைப் பாதுகாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உள்ளது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் பானையின் உட்புறம் குளிர்கிறது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி கிட்டும். கச்சான் எனப்படும் உலர்ந்த மேலைக்காற்று வீசும் மாதங்களில் இம்முறை நன்கு பயன்படும். உப்பு விளைவதும் அதே ஆவியாதலால்தான். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாட்களில் பானை அவ்வளவாகக் குளிர்வதில்லை.

வியர்வை ஒட்டுப்பொருளைத் தளர்த்தும். கூட்டின் விளிம்பைச் சுற்றி மருத்துவ ஒட்டுநாடா போடுவதும், ஒட்டும் இடத்தில் தோல் பாதுகாப்புப் படலம் தடவுவதும் வழக்கம். சிலருக்கு ஒட்டுப்பொருளில் உள்ள அக்ரிலேட்டுகளால் தோல் சிவந்து கொப்புளம் உண்டாவதும் உண்டு.

உடற்பயிற்சியும் உடலுழைப்பும்

தசை சுருங்கி விரியும்போது குருதியில் உள்ள குளுக்கோசை இன்சுலின் உதவி இல்லாமலேயே உள்ளிழுத்துக்கொள்ளும். நலமானவரின் கணையம் இதை அறிந்து சுரப்பைக் குறைக்க, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை வெளிவிட்டு இழப்பை ஈடுசெய்யும். எக்கி அணிந்தவரிடம் இன்சுலின் முன்பு நிரல்படுத்திய அளவிலேயே வந்துகொண்டிருக்கும். மிகுதியான இன்சுலின் கல்லீரலின் கையையும் கட்டிவிடும். நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் போன்ற நெடுநேர உழைப்பில் சர்க்கரை சரிவது இதனாலேயே.

பளு தூக்குதல், குறுந்தொலைவு ஓட்டம், கபடியில் பாடிச் செல்லுதல் போன்ற கடுமையான குறுகிய முயற்சிகளில் இதற்கு நேர்மாறாக நிகழலாம். அட்ரினலின் பெருகிக் கல்லீரல் குளுக்கோசைக் கொட்டுவதால் சர்க்கரை ஏறும். துறைமுகத்திலோ கிடங்கிலோ மூட்டை ஏற்றுபவர் வேலை முடிந்த கையோடு அளந்தால் உயர்ந்த அளவு தெரியக்கூடும். அதைக் கண்டு முழு அளவு இன்சுலின் செலுத்தினால் ஓரிரு மணி நேரத்தில் தாழ்வு வந்து சேரும். ஏற்றம் பெரும்பாலும் தானே தணியும்.

பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2017இல் வெளியிட்ட இணக்க அறிக்கை இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதன்படி நெடுநேர உழைப்பைத் தொடங்குகையில் குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 முதல் 180 மில்லிகிராம் வரை இருப்பது பெரும்பாலோருக்கு ஏற்றது. 90க்குக் கீழ் இருந்தால் முதலில் 10 முதல் 20 கிராம் குளுக்கோசு உட்கொள்ள வேண்டும். காரணமின்றி 270க்கு மேல் இருந்தால் கீட்டோனைச் சோதிக்க வேண்டும். குருதிக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பின் உழைப்பு கூடாது. முந்தைய 24 மணி நேரத்தில் கடும் சர்க்கரைத் தாழ்வு ஏற்பட்டிருந்தாலும் அவ்வாறே. எக்கி அணிந்தவர் உழைப்புக்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே அடிப்படை அளவை 50 முதல் 80 விழுக்காடு குறைக்கலாம். எக்கியை முழுவதும் நிறுத்துவதாயின் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

எடுத்துக்காட்டாக, வெயிலுக்கு அஞ்சி அதிகாலை 4.30 மணிக்கு உப்பு வாரத் தொடங்கும் ஒருவரைக் கொள்வோம். அவர் 4.30க்கு எக்கியைக் குறைத்தால், 3 மணிக்கும் 4 மணிக்கும் சென்ற இன்சுலின் 6 மணி வரை முழு வீச்சில் இருக்கும். பயன் கிட்டத் தொடங்கும்போது வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்கும். எனவே குறைப்பு 3 மணிக்கே தொடங்க வேண்டும். அதற்காகத் தூக்கத்திலிருந்து எழ வேண்டியதில்லை. எக்கியில் பல அட்டவணைகளைச் சேமித்து வைக்க இயலும் என்பதால், வேலை நாளுக்கு ஒன்றும் விடுப்பு நாளுக்கு ஒன்றுமாக அமைத்துக்கொள்ளலாம். ஊசி முறையில் இயலாத வசதி இது. ஆனால் மழை பெய்து வேலை நின்றுவிட்ட நாளில் அட்டவணையை மாற்ற மறந்தால் சர்க்கரை ஏறிவிடும்.

வெறும் வயிற்றில் உழைப்பதே மிகுந்த இடருடையது என்று பலர் கருதுகின்றனர். காலை உணவுக்கு முன் உடலில் இருப்பது அடிப்படை அளவு மட்டுமே ஆதலால், உண்மையில் அப்போது தாழ்வு குறைவாகவே ஏற்படும். காலை இட்லிக்காக உணவு அளவு செலுத்திய ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் உழைப்பதுதான் மிகுந்த இடருடையது. உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் உழைக்கப் போவது தெரிந்தால் அந்த உணவு அளவையே 25 முதல் 75 விழுக்காடு வரை குறைக்குமாறு மேற்கூறிய அறிக்கை அறிவுறுத்துகிறது.

உழைப்பு முடிந்த பின்னும் தசைகள் தங்கள் கிளைக்கோசன் சேமிப்பை நிரப்பிக்கொள்ளும் வரை இன்சுலினுக்கான உணர்திறன் மிகுந்தே இருக்கும். மாலையில் கால்பந்து ஆடியவருக்கு நள்ளிரவில் தாழ்வு வருவது இதனால்தான். இரவில் அடிப்படை அளவை ஆறு மணி நேரம் 20 விழுக்காடு குறைப்பது இதற்கான பரிந்துரை. ஓம்னிபாட் 5 போன்ற தானியங்கி வகைகளில் உழைப்புக்கெனத் தனி முறை உண்டு. அதனைத் தேர்ந்தால் கருவி 150 மில்லிகிராமை இலக்காகக் கொண்டு இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். இதையும் முன்னதாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். தானியங்கி என்பதால் இன்சுலினின் வேகம் மாறிவிடுவதில்லை.

போட்டிகளில் பங்கேற்கும் மாணவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இன்சுலினும் உள்ளது. மருத்துவத் தேவைக்கான விலக்கு பெற்றால் தடை இல்லை.

சர்க்கரைத் தாழ்வுக்கான உணவு

குருதிச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் அளவு விரைந்து கரையும் சர்க்கரையை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, பசி, தலைச்சுற்றல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உப்பளத்தில் அனைவருக்குமே வியர்க்கும். வெயில் மயக்கத்துக்கும் இதே அறிகுறிகள்தாம். ஆகவே அங்கு அறிகுறியை நம்பிக் காத்திருத்தல் கூடாது.

மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிப்பதும், குளுக்கோசு மாவும் சிறந்தவை. ஒரு குவளை இளநீரில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் இதற்குப் போதாது. உடன்குடிக் கருப்பட்டி நீரிழிவுக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கை இப்பகுதியில் உண்டு. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்குரோசே. எனவே வழக்கமாக உண்டால் அதற்கும் இன்சுலின் தேவை. தாழ்வு வந்தபோது கரைத்துக் குடித்தால் அது பயன்படவும் செய்யும். கட்டியாகக் கடித்தால் கரையத் தாமதமாகும். தூத்துக்குடி மக்ரூனில் சர்க்கரை நிறைய உள்ளது எனினும், அதில் உள்ள முந்திரியின் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எனவே அது கைமருந்து ஆகாது.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சு அடைக்கும். அவருக்கு வேண்டியது குளுக்ககான் ஊசியோ மருத்துவமனையில் நாளத்தில் ஏற்றும் குளுக்கோசோ ஆகும்.

கடலும் ஆழமும்

முதலாம் வகை நீரிழிவு நீச்சலுக்குத் தடை அன்று. அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஆல் இளையவர் 1999இல் இந்நோய் கண்டறியப்பட்ட பின்னரும் 2000, 2004 ஒலிம்பிக்குகளில் 50 மீட்டர் போட்டியில் தங்கம் வென்றார்.

ஓம்னிபாட் கூடு 7.6 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் வரை நீர் புகாதது எனச் சான்றளிக்கப்பட்டுள்ளது. கரையோரக் குளியலுக்கும் நீச்சலுக்கும் இது மிகப் போதுமானது. ஆனால் தூத்துக்குடிக்கு அப்பால் முத்துச்சிப்பிகள் வாழும் பார்கள் ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டரில் கூட்டின் மேல் ஏறும் நீரழுத்தம், அது சோதிக்கப்பட்ட அழுத்தத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். கூட்டினுள் நீர் புகலாம், இயக்கி கெடலாம். கெட்டது உடனே தெரியாமலும் போகலாம்.

இக்கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் முத்துக்குளிப்புக்குப் பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நிகழவில்லை எனினும், சங்கு குளித்தல் தொடர்கிறது. முன்பு மூச்சடக்கிக் குளித்தவர்கள் இப்போது படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து வரும் குழாய் மூலம் மூச்சுவிட்டு நீண்ட நேரம் அடியில் தங்குகின்றனர். இன்சுலின் பயன்படுத்தும் ஒருவர் இத்தொழிலைச் செய்வதில் உள்ள இடரை எந்த எக்கியும் தீர்ப்பதில்லை. நீருக்கடியில் குழப்பமோ கைநடுக்கமோ ஏற்பட்டால் அது சர்க்கரைத் தாழ்வா, காற்றுக் கோளாறா என்று பிரித்தறிய வழியில்லை. வாயில் சர்க்கரை போட்டுக்கொள்ளவும் இயலாது. நினைவு தவறினால் மூழ்குவதே முடிவு. கருவிகளும் அங்கு ஊமையாகிவிடும். எக்கி, குளுக்கோசு அளவி, கட்டுப்படுத்தி ஆகியவை பேசிக்கொள்ளும் புளூடூத் அலைகளை உப்புநீர் சில சென்டிமீட்டருக்குள் விழுங்கிவிடுகிறது. கூட்டினுள் பதிந்த அட்டவணைப்படி இன்சுலின் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தச் சொல்லக் கையில் எதுவும் இராது.

பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு மட்டும் 2005இல் நடந்த பன்னாட்டுப் பயிலரங்கு ஒன்று நெறிகளை வகுத்தது. இன்சுலின் தொடங்கி ஓராண்டு நிறைந்திருத்தல், முந்தைய 12 மாதங்களில் கடும் தாழ்வு இன்மை, 30 மீட்டருக்கு மிகாத ஆழம், 60 நிமிடத்துக்கு மிகாத நேரம் ஆகியவை அவற்றுள் அடங்கும். முக்குளிக்கும் முன் மூன்று முறை அளந்து, சர்க்கரை 150 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இறங்குமுகமாக இல்லாமலும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். எக்கியைக் கழற்றி வைத்துவிட்டே முக்குளிக்கின்றனர். நோயைப் பற்றி அறிந்த, தனக்கு நீரிழிவு இல்லாத துணைவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். நாளுக்குப் பல முறை இறங்கி ஏறும் சங்குகுளித் தொழிலுக்கு இந்நெறிகள் பொருந்தா.

கடலோடிகளுக்கும் இது தொடர்புடையது. கப்பற் பணிக்கான மருத்துவத் தகுதி விதிகள் இன்சுலின் பயன்படுத்துவோருக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. கடல்சார் படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் இதனை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

வெள்ளம், மின்தடை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கும் மேல் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு சாலைகளும் இருப்புப்பாதையும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற தொடர்வண்டியின் பயணிகள் பலர் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டனர். பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

மூன்று நாளுக்கு ஒரு கூடு தேவைப்படும் ஒருவருக்கு இத்தகைய சூழல் என்ன பொருள் தரும் என்பது வெளிப்படை. கூடு தீர்ந்தாலோ கட்டுப்படுத்தியின் மின்னேற்றம் தீர்ந்தாலோ ஊசி முறைக்குத் திரும்ப வேண்டும். அதற்கான அளவுகளைத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். கருவியின் நினைவகத்தில் மட்டும் இருந்தால் வேண்டிய நேரத்தில் கிட்டாது. குளிர்பெட்டி நின்றுவிட்டது என்பதற்காக இன்சுலினை எறிய வேண்டியதில்லை. விரைவு வகைகள் 30 பாகைக்கு மிகாத வெப்பத்தில் 28 நாட்கள் வரை கெடாமல் இருக்கும். மழைக்கால வெப்பநிலையில் அது இயலக்கூடியதே.

எக்கி அணிந்த எவரும், வெள்ளமாயினும் படகுப் பயணமாயினும், நீர் புகாத பையில் சிலவற்றை உடன் வைத்திருக்க வேண்டும்: மாற்றுக் கூடு இரண்டு, விரைவு இன்சுலின் ஒரு குப்பி, நெடுநேர இன்சுலின் பேனா, 100 அலகுச் செறிவுக்குரிய ஊசிக்குழல்கள், குளுக்கோசு மானியும் கீற்றுகளும், சிறுநீர்க் கீட்டோன் கீற்றுகள், குளுக்கோசு மாவு. இந்தியாவில் 40 அலகு ஊசிக்குழல்களுக்குச் சிவப்பு மூடியும் 100 அலகு ஊசிக்குழல்களுக்கு ஆரஞ்சு மூடியும் இருக்கும். இருட்டில் நிறம் தெரியாது என்பதால், குழலின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே எடுக்க வேண்டும்.